ஃப்ளெக்ஸிபிள் பைப் நகர வேண்டுமென்றால் முதலில் நடுக்கோட்டை நகர்த்துங்கள்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கு உதவும். கேட்டவர் திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராயிங் போடுகிறார். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு மூட்டை நிரப்பும் மெஷின் செய்கிறார்கள். நிரப்பும் தலை 300 மி.மீ. மேலும் கீழும் போய்வரும். அந்தத் தலைக்கு இரண்டு வளைகிற குழாய்கள் போகின்றன. ஒன்று, சென்சார் வயரும் சோலனாய்டு வயரும் போகிற 28 மி.மீ. நைலான் கொருகேட்டட் (நெளிவரி போட்ட) பைப். இன்னொன்று, தவிட்டுத் தூசியை இழுக்கிற 75 மி.மீ. சக்‌ஷன் ஹோஸ். சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில், பாகங்களைச் சேர்த்துவைத்த அசெம்பிளியில் தலையை மவுஸால் இழுத்தால் பைப் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ரீபில்ட் (மாடலை மறுபடி கணக்கிடும் கட்டளை) கொடுத்தால் நகர்கிறது, ஆனால் நீளம் கூடிக் குறைகிறது. சில இடத்தில் ஸ்வீப் (கோட்டின் மேல் ஒரு வட்டத்தை ஓட்டிக் குழாயாக்கும் கட்டளை) சிவப்பாகி எரர் காட்டுகிறது. “தலையோட சேந்து பைப்பும் நெளிஞ்சு போற மாதிரி எப்படிப் பண்றது அண்ணாச்சி? எவ்வளவு நீளம் வெட்டணும்னு ஃபிட்டர் வேற கேட்டுட்டே இருக்காரு” என்று முடித்திருக்கிறார்.

உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. திரையில் பைப் அழகாக நெளிவது வாடிக்கையாளருக்குக் காட்ட நல்லது. பட்டறைக்குத் தெரிய வேண்டியது வேறு: எவ்வளவு நீளம் வெட்டுவது, எந்த இடத்தில் அதிகமாக வளையும், ஃப்ரேமில் எங்காவது உரசுமா. இந்த மூன்றுக்கும் பதில் தருகிற மாடல் கிடைத்துவிட்டால் நெளிவது தானாக வந்துவிடும். நான் பாளையங்கோட்டையில் மெஷின் டிசைன் வரைந்து கொடுக்கிறவன், சாயங்காலம் பையன்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த விஷயத்தில் எல்லோரும் சிக்குகிற இடம் ஒன்றுதான். முதல் நாளே பைப்பை அதன் நெளிவரிகளோடு வரைந்து வைத்துக்கொண்டு, அப்புறம் அதை எப்படி வளைப்பது என்று யோசிக்கிறார்கள். பைப்பை மறந்துவிடுங்கள். அதன் நடுக்கோடு ஒன்றை மட்டும், நீளம் மாறாமல் நகரும்படி செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல் போடுகிற சட்டைதான்.

முதலில் ஏன் இழுக்கும்போது நகரவில்லை என்பதைப் பார்ப்போம். நீங்கள் பைப்பை அசெம்பிளிக்குள்ளேயே திறந்து, பைப்பின் கோடு வரைந்த ஸ்கெட்ச்சின் இரண்டு முனைகளையும் தலையிலும் ஃப்ரேமிலும் உள்ள ஃபிட்டிங்குகளோடு கட்டியிருப்பீர்கள். அப்படி வெளியிலிருந்து வாங்கிய தொடர்பு ரீபில்ட்டின்போதுதான் புதுப்பிக்கப்படும். மவுஸால் இழுக்கும்போது நகர்வது மேட்டுகள் (பாகங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுகள்) மட்டும், ஃபீச்சர்கள் (பாகத்தின் உருவத்தைக் கட்டும் படிகள்) அல்ல. ஆகவே இழுத்துவிட்டு, கண்ட்ரோல்-பி அழுத்தி ரீபில்ட் செய்வதுதான் வழி, இது உங்கள் தப்பு இல்லை. ஆனால் இன்னொரு விஷயத்தைச் சரிபாருங்கள்: பைப் பாகத்தைத் தலையோடு மேட் போட்டு வைத்திருக்கிறீர்களா? ஸ்கெட்ச் ஏற்கெனவே தலையைப் பார்த்து ஓடுகிறது. பாகமும் தலையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் ஒன்றை ஒன்று துரத்தும். ஒவ்வொரு ரீபில்ட்டுக்கும் பைப் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதாகச் சிலர் புலம்புவது இதனால்தான். பைப் பாகம் அசெம்பிளியில் ஃபிக்ஸ் ஆகி அசையாமல் கிடக்க வேண்டும், அதன் உருவம் மட்டும் மாற வேண்டும்.

இதையும்விட நல்ல வழி, தலையையும் பைப்பையும் ஒன்றோடொன்று கட்டாமல் இரண்டையும் ஒரு மூன்றாவது ஆளிடம் ஒப்படைப்பது. அசெம்பிளியின் மேல்மட்டத்தில் ஒரு லேஅவுட் ஸ்கெட்ச் (மொத்த அமைப்பின் கோட்டுப்படம்) போடுங்கள். அதில் தலையின் உயரம் ஒரே ஒரு அளவு. தலை அந்தக் கோட்டில் உட்காரட்டும், பைப்பின் நடுக்கோடும் அதே ஸ்கெட்ச்சில் இருக்கட்டும். 0, 150, 300 என்று அந்த அளவை மாற்றினால் இரண்டும் சேர்ந்து போகும். மூன்று நிலைகளுக்கு மூன்று கான்ஃபிகரேஷன் (ஒரே மாடலின் வேறுவேறு வடிவங்கள்), ஒவ்வொன்றிலும் பாகங்கள் இடிக்கிறதா என்று பார்க்கும் இண்டர்ஃபரன்ஸ் சோதனை. அனிமேஷன் கேட்காத வாடிக்கையாளருக்கு இது போதும். நடுவில் ஏதாவது இடிக்குமோ என்று சந்தேகம் வந்தால் 75, 225 என்று இரண்டு நிலை கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து நீளம். ஸ்ப்லைன் என்பது நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத நெளிகோடு. இரண்டு முனைகளை விலக்கினால் சந்தோஷமாக நீண்டுகொள்ளும். உங்கள் நைலான் பைப் அப்படி நீளாது. அதனால் அசைவு ஒரே தளத்தில் நடக்கிற இடத்தில் நான் ஸ்ப்லைனைத் தொடுவதே இல்லை, நேர்கோடும் வில்லும் மட்டும்தான். உங்கள் மெஷினுக்கு அது சரியாகப் பொருந்தும். இரண்டு ஃபிட்டிங்குகளும் கீழ்நோக்கிப் பார்க்கட்டும், பைப் நடுவில் ஒரு வளையமாகத் தொங்கட்டும். ஸ்கெட்ச்சில் ஒரு நேர்கோடு, ஓர் அரைவட்டம், மறுபடி ஒரு நேர்கோடு. மூன்றும் ஒன்றுக்கொன்று தொடுகோடாக. அப்புறம் பாத் லெங்த் டைமென்ஷன் கொடுத்து மொத்த நீளத்தைப் பூட்டிவிடுங்கள். தலை ஏறினால் ஒரு கால் நீளும், மற்றது குறையும், அரைவட்டம் அந்த ஏற்றத்தில் பாதி தூரம் மேலே வரும். இதில் மென்பொருள் திணறுவதற்கு ஒன்றுமில்லை.

எவ்வளவு நீளம் என்பதற்கு உலோக ஹோஸ் செய்கிறவர்கள் காலகாலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது: வளைவு ஆரத்தின் நாலு மடங்கு, அதோடு நகர்வில் பாதி. உங்கள் பைப்புக்கு அசைகிற நிலையில் 100 மி.மீ. ஆரம் என்று வைத்துக்கொண்டால் 400 கூட்டல் 150, ஆக 550 மி.மீ. இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் தப்பான இடத்தில் போட்டுவிடுவோம். அரைவட்டத்துக்கு 314 மி.மீ. வேண்டும். தலை மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் இருக்கும்போது இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசம் 150. மீதி 86 மி.மீ. முனைகளில் நேராக நிற்பதற்கு. இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஃப்ரேமில் உள்ள அசையாத முனை, நகர்வின் நட்டநடு உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அதைக் கீழ் எல்லையிலோ மேல் எல்லையிலோ வைத்தால் கால்களின் வித்தியாசம் முழு 300 ஆகிவிடும், 550 பத்தாது, 700 வெட்ட வேண்டும். கிளாண்டு (பைப் முனையைப் பிடிக்கும் ஃபிட்டிங்) பொருத்தும் பிராக்கெட்டை 150 மி.மீ. நகர்த்துவதில் அவ்வளவு பைப் மிச்சம், தொங்குகிற வளையமும் சின்னதாகிவிடும். ஃபிட்டரிடம் நீளம் சொல்லும்போது கிளாண்டுக்குள் நுழைகிற பகுதியை இரண்டு பக்கமும் தனியாகக் கூட்டிச் சொல்லுங்கள். மேலே சொன்ன எண்கள் வெளியே தெரிகிற நீளம்.

நகர்வு பக்கவாட்டில் என்றால் கணக்கு வேறு. அங்கே அரைவட்டமே விரிகிறது, ஆகவே ஆரத்தின் நாலு மடங்கோடு நகர்வின் 1.57 மடங்கைக் கூட்ட வேண்டும். அதே 100, அதே 300 என்றால் 871 மி.மீ. செங்குத்துக்குப் போட்ட நீளத்தை அப்படியே பக்கவாட்டு மெஷினுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஆரம் எந்த எண் என்பதில் இரண்டு பொறிகள் உண்டு. கேட்டலாக்கில் நிலையாக வளைத்து வைப்பதற்கு ஓர் ஆரமும், அசைந்துகொண்டே இருப்பதற்கு அதைவிடப் பெரிய ஓர் ஆரமும் கொடுத்திருப்பார்கள். நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். இன்னொன்று, சில கம்பெனிகள் நடுக்கோட்டு ஆரத்தைத் தருகின்றன, சில கம்பெனிகள் உள்வளைவின் ஆரத்தைத் தருகின்றன. 28 மி.மீ. பைப்பில் வித்தியாசம் 14 மி.மீ. பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டு முனைகளும் வேறுவேறு திசையைப் பார்த்துக்கொண்டு, அசைவும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் ஸ்ப்லைன் தவிர வழியில்லை. அப்போதும் நடுவில் புள்ளிகளை அள்ளித் தெளிக்காதீர்கள். இரண்டே முனைப்புள்ளி, இரண்டிலும் ஃபிட்டிங்கின் அச்சுக்குத் தொடுகோடு, இரண்டு பக்கக் கைப்பிடிகளின் பலமும் சமம். அப்படி வைத்தால் கையில் மிஞ்சுவது ஒரே ஓர் எண், அந்தப் பலம். அதைக் கூட்டினால் கோடு நீளும், குறைத்தால் சுருங்கும். நீளத்தை அளந்து பார்த்து, வெட்டப் போகிற நீளத்துக்குச் சமமாகும்வரை சரிசெய்யுங்கள், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக. அப்புறம் ஸ்ப்லைன் கருவிகளில் மிகக் குறைந்த ஆரத்தைக் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சிவப்பு எரர் வருகிற இடம் அங்கேதான் இருக்கும். கோட்டின் ஆரம் பைப்பின் பாதி விட்டத்தைவிடக் குறைந்தால் ஸ்வீப் தன்மேலேயே மடிந்துவிடும், மென்பொருள் மறுத்துவிடும். எரர் வராமல் போனாலும் நிம்மதி அடைய வேண்டாம்: 28 மி.மீ. பைப்பை 20 மி.மீ. ஆரத்தில் சாலிட்வொர்க்ஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வளைத்துத் தரும், நிஜத்தில் அது நெரிந்துவிடும்.

இனி நெளிவரி. 550 மி.மீ. பைப்பில் 4 மி.மீ.க்கு ஒரு வரி என்றால் 137 வளையம் வரும். ஒவ்வொன்றிலும் மேடு, பள்ளம், இரண்டு சரிவு என்று எடுத்தால் ஐந்நூறுக்கு மேல் முகங்கள், ஃபில்லட் போட்டால் இரண்டு மடங்கு. ஒவ்வொரு ரீபில்ட்டிலும் இவ்வளவையும் மறுபடி கட்டச் சொன்னால் நல்ல கம்ப்யூட்டரும் படுத்துவிடும். நான் வேலை நடக்கும்போது வெறும் வழவழப்பான குழாயாக, வெளி விட்டத்தோடு ஸ்வீப் போட்டு வைத்துக்கொள்வேன். இடிக்கிறதா என்று பார்க்க வெளி விட்டம் மட்டும் சரியாக இருந்தால் போதும். வாடிக்கையாளருக்குப் படம் கொடுக்கும்போது ஒரு வளையத்தை ரிவால்வ் செய்து (சுழற்றி உருவாக்கி), நடுக்கோட்டின் மேல் கர்வ் டிரிவன் பேட்டர்னில், கோட்டுக்குத் தொடுகோடாகத் திரும்பும்படி அடுக்கிவிடலாம். தனி கான்ஃபிகரேஷனில் வைத்து, தேவை இல்லாதபோது சப்ரெஸ் செய்து அணைத்துவிடுங்கள்.

இப்படி அடுக்கும்போது வளையங்கள் கட்டியான வில்லைகளாகவே நிற்கும் என்பதை மனதில் வையுங்கள். நிஜப் பைப்பில் உள்வளைவில் வரிகள் நெருங்கும், வெளிவளைவில் விலகும். நடுக்கோட்டில் 4 மி.மீ. இடைவெளி என்றால், 100 ஆரத்தில் 28 மி.மீ. பைப்புக்கு உள்பக்கம் 3.44, வெளிப்பக்கம் 4.56. உங்கள் வளையத்தின் அகலம் 3.5 என்று வரைந்திருந்தால் உள்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று ஏறிக்கொள்ளும், இண்டர்ஃபரன்ஸ் பட்டியல் சிவப்பாக நிறையும். அது பொய் எச்சரிக்கை. வெறும் படத்துக்காகத்தான் என்றால் இந்த வேலையை பிளெண்டர் என்ற 3டி படம் செய்யும் மென்பொருளுக்குக் கொண்டுபோவது எளிது. ஒரு வளையத்தை அரே மாடிஃபயரில் கோட்டின் நீளத்துக்கு அடுக்கி, கர்வ் மாடிஃபயர் போட்டால் அது உருவத்தையே வளைக்கும், உள்பக்க வரிகள் நிஜம் போலவே நெருங்கும். ஆனால் அந்தப் படத்திலிருந்து அளவு எடுக்காதீர்கள்.

திரையில் கண்ணுக்கே தெரியாத ஓர் ஆபத்து முறுக்கு. கொருகேட்டட் பைப் வளைவதைத் தாங்கும், முறுக்குவதை அந்த அளவு தாங்காது. உலோக ஹோஸ் என்றால் சுத்தமாகக் கூடாது. வட்டமான உருவம் முறுக்கினாலும் வட்டமாகவே தெரியும் என்பதால் சாலிட்வொர்க்ஸ் காட்டாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் இதே பிரச்சினை பெரிய அளவில் உண்டு. காற்றின் திசைக்கு ஏற்ப மேலே உள்ள நாசெல் (ஜெனரேட்டர் பெட்டி) திரும்பும்போது டவருக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும். எத்தனை சுற்று முறுக்கியது என்று கண்ட்ரோலர் கணக்கு வைத்து, எல்லை வந்ததும் நாசெல்லை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிரித்துவிடும். நம் மூட்டை மெஷினில் அப்படி ஒரு காவலாள் கிடையாது. ஆகவே விதி எளியது: இரண்டு ஃபிட்டிங்குகளின் அச்சுகளும், தலை நகர்கிற திசையும் ஒரே தளத்தில் இருக்கட்டும். அப்போது பைப் வளையும், முறுக்காது. தளத்தைவிட்டு விலகுகிற ஒவ்வொரு அசைவும் முறுக்காக மாறும். பொருத்தும்போது ஃபிட்டரை பைப்பின் நீளத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கிளாண்டை இறுக்கிய பிறகு அந்தக் கோடு திருகிப்போயிருந்தால் தளர்த்தி மறுபடி பொருத்த வேண்டும்.

இதுவரை சொன்னதில் நிச்சயமானது வடிவக் கணக்கு. நிச்சயமில்லாதது, பைப் உண்மையில் அந்த வடிவத்தில்தான் நிற்குமா என்பது. நேர்கோடும் அரைவட்டமும் நம் வசதிக்கு வரைந்தது, பைப்புக்கு அது தெரியாது. வளைகிற பொருள் தன் விறைப்பையும் எடையையும் பொறுத்து ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளும். விறைப்பை மட்டும் வைத்து அந்த வளைவுகளைக் கணித மேதை ஆய்லர் 1744லேயே கணக்கிட்டுவிட்டார், ஆனால் கேட் (கம்ப்யூட்டரில் டிசைன் வரையும்) மென்பொருளின் ஸ்ப்லைன் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. அசைவைக் கணக்கிடும் மோஷன் அனாலிசிஸும் பாகங்களைக் கட்டியானவை என்றே எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, சுருளாக வந்த பைப்புக்குப் பழைய வளைவின் ஞாபகம் இருக்கும், உள்ளே வயர் நிறைத்தால் இன்னும் விறைக்கும்.

ஆகவே பட்டறையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு பழைய பிளைவுட் பலகையில் பென்சிலால் 50 மி.மீ. கட்டங்கள் போடுங்கள். இரண்டு கிளாண்டுகளை 200 மி.மீ. இடைவெளியில் பொருத்துங்கள், ஒன்று நிலையாக, மற்றது மரக்கட்டையில் ஏறி இறங்கும்படி. வயர் நிறைத்த பைப்பை மாட்டி, பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, மூன்று நிலைகளிலும் நேர் எதிரே நின்று ஃபோட்டோ எடுங்கள். அதை சாலிட்வொர்க்ஸில் ஸ்கெட்ச் பிக்சராக வைத்து, கட்டத்தை வைத்து அளவைச் சரிசெய்து, உங்கள் நடுக்கோட்டோடு பொருத்திப் பாருங்கள். பொதுவாக ஒரு வித்தியாசம் தெரியும்: கிளாண்டிலிருந்து வெளியே வந்த உடனே பைப் வளையாது, கொஞ்சம் நேராகப் போய்த்தான் திரும்பும். ஸ்ப்லைன் போட்டிருந்தால் முனையில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நேர்கோட்டைச் சேர்த்துவிடுவது என் வழக்கம். சுற்றிலும் ஒரு பைப் விட்ட அளவு காலி இடமும் விடுவேன். “பைப்பு எப்பிடியும் போயிரும்வே, நீரு படத்த முடிச்சிரும்” என்று ஃபிட்டர் சொல்வார். கேட்காதீர்கள்.

சக்‌ஷன் ஹோஸ் வேறு சாதி. உள்ளே கம்பிச்சுருள் வைத்த மெல்லிய பாலியூரித்தேன் ஹோஸ் ஆர்மோனியத் துருத்தி மாதிரி நீளவும் சுருங்கவும் செய்யும். அதற்கு நீளத்தைப் பூட்டினால் தப்பு, பூட்ட வேண்டியது வளையங்களின் எண்ணிக்கை. தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டு, நீளம் 500க்கும் 800க்கும் நடுவில் மாறுகிறது என்றால், 60 சுருள் இருக்கும் துண்டில் இடைவெளி 8.3லிருந்து 13.3 வரை போகும். இடைவெளி என்பது நீளத்தை 60ஆல் வகுத்தது என்று ஒரு ஈக்வேஷன் எழுதி, லீனியர் பேட்டர்னில் போட்டால் வேலை முடிந்தது. சாலிட்வொர்க்ஸ் 2020லிருந்து ஒரு பாகத்தை ஃப்ளெக்ஸிபிளாக மாற்றும் வசதி இருக்கிறது, ஒரே ஹோஸை ஒரே அசெம்பிளியில் இரண்டு நீளத்தில் காட்டலாம். வாங்குவதற்கு முன் கையால் முழுக்க இழுத்தும் அமுக்கியும் இரண்டு நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். புளோயர் ஓடும்போது வெற்றிடம் ஹோஸைச் சுருக்கப் பார்க்கும், அந்த இழுப்பு தலையின் மேல் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மற்ற மென்பொருட்களிலும் விஷயம் இதேதான், பெயர்கள்தான் வேறு. இன்வெண்டரில் அடாப்டிவ், கிரியோவில் ஃப்ளெக்ஸிபிள் காம்பொனென்ட், சாலிட் எட்ஜில் அட்ஜஸ்டபிள். லைசென்ஸ் பிரச்சினை இருக்கிற பட்டறைக்கு இலவச மென்பொருளான ஃப்ரீகேட் போதும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அசெம்பிளியும் உள்ளேயே வந்துவிட்டது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் கட்டத்தில் தலையின் உயரத்தை வைத்து, கால்களின் நீளத்தைச் சூத்திரமாக எழுதி, நேர்கோடும் வில்லுமான ஸ்கெட்ச்சை அதோடு இணையுங்கள். மேலே ஸ்வீப்புக்குப் பதிலாக அடிட்டிவ் பைப், நெளிவரி வேண்டுமென்றால் டிராஃப்ட் பகுதியில் பாத் அரே.

கடைசியாக ஆயுள். நிமிஷத்துக்கு நாலு மூட்டை என்று வைத்தால் 8 மணி நேரத்தில் 1,920 தடவை, வருஷத்தில் 300 நாள் ஓடினால் 5,76,000 தடவை பைப் வளைந்து நிமிர்கிறது. அது தாங்குமா என்று எந்த கேட் மாடலும் சொல்லாது, என் அனுபவத்தை வைத்து நானும் சொல்லக் கூடாது. அது பைப் கம்பெனியின் சோதனை அறிக்கையில் இருக்க வேண்டியது. ஒன்றை மட்டும் வாங்கும்போது பாருங்கள்: காண்டியூட்டுக்கான (வயர் போகும் குழாய்க்கான) ஐ.இ.சி. 61386 என்ற சர்வதேசத் தரத்தில் கையால் வளைத்துப் பொருத்திவிட்டு அப்படியே விட வேண்டிய வகைக்கு 22ஆம் பகுதி, அடிக்கடி வளைந்துகொண்டே இருக்க வேண்டிய வகைக்கு 23ஆம் பகுதி. ஜங்ஷன் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடையில் “கொருகேட்டட் பைப்” என்று மட்டும் கேட்டால் வீட்டு வயரிங்குக்கான முதல் வகையைச் சுருளாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டரில் 23 என்று எழுதிக் கொடுங்கள்.